கணக்கெடுப்பதா, காது கொடுப்பதா? சமூகத் தாக்க மதிப்பீட்டில் இரண்டு வழிகள்

அணையோ சுரங்கமோ நெடுஞ்சாலையோ வருகிறது. அங்கே வாழ்பவர்களுக்கு என்ன ஆகும்? இதை முன்கூட்டியே அறிய இரண்டு வழிகள் இருக்கின்றன: நிபுணர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது, மக்களைப் பேசவிட்டுக் கேட்பது.

கணக்கெடுப்பு இல்லாமல் இழப்பீடு இல்லை. குறிப்பிட்ட தேதியில் யார் யார் அங்கே இருந்தார்கள் என்ற பதிவு இருந்தால்தான், பிறகு யாரையும் "நீ இந்த ஊரே இல்லை" என்று விரட்ட முடியாது. ஆனால் படிவத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். 'குடும்பத் தலைவர்' என்று ஒரே கட்டம். பெரும்பாலும் ஆணின் பெயர் அதில் ஏறும், மனைவியின் வருமானம் எங்கும் ஏறாது. மேய்ச்சல் நிலம் ஊருக்கே பொது என்பதால் எந்த வீட்டுப் படிவத்திலும் வராது. இடம்பெயர்வோருக்கு நேரும் ஆபத்துகளை சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா எட்டாக வகுத்தார். நிலமும் வீடும் போவதைப் படிவம் பிடித்துவிடும். அதே பட்டியலில் இருக்கும் பொதுவளங்களின் இழப்பும், உறவும் அண்டை அயலும் சிதறிப்போவதும் அதற்குள் அடங்குவதில்லை.

கேட்பது எப்படி என்பதற்குக் கனடாவைச் சொல்வேன். மெக்கன்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டத்தை விசாரிக்க 1974-ல் நியமிக்கப்பட்ட நீதிபதி தாமஸ் பெர்ஜர், 35 ஊர்களுக்கு நேரில் போனார். மக்கள் தங்கள் சொந்த மொழிகளிலேயே சாட்சி சொன்னார்கள். பழங்குடி அமைப்புகள் தங்கள் தரப்பைத் தயார்செய்யப் பணமும் கிடைக்கச் செய்தார்; எனக்கு இதுதான் பெரிய விஷயம். இல்லாவிட்டால் நிபுணரை அமர்த்தும் வசதி நிறுவனத்துக்கு மட்டும்தானே இருக்கும்? 1977-ல் அவர் தந்த பரிந்துரை: நில உரிமைக் கோரிக்கைகள் தீரட்டும், பத்தாண்டுகளுக்குக் குழாய் வேண்டாம்.

கூட்டத்திலும் குறை உண்டு. குரல் உயர்ந்தவர் பேச்சே ஏறும். பெண்களையும் நிலமில்லாதவர்களையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நாளும் அதிகம் பிடிக்கும். வரைபடம் முடிவான பிறகு கூட்டினால், அது வெறும் சடங்கு.

சரி, எதை எடுப்பது? என் கட்சி கேட்பதுதான், அதுவும் முதலில். அங்கே வந்த பேச்சிலிருந்து கேள்விகளை எழுதிக்கொண்டு, அப்புறம் படிவத்தோடு வீடு வீடாகப் போகலாம். அப்படிப் போனால் மேய்ச்சல் நிலத்துக்கும் மனைவியின் வருமானத்துக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்.