ஏழு மணி நேரக் குரல்கள்: ஓர் ஒலித்தொகுப்பைக் கேட்ட அனுபவம்

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் இணையதளத்தில் 'வாய்சஸ் ரிமெம்பரிங் ஸ்லேவரி' என்ற பெயரில் ஓர் ஒலித்தொகுப்பை இலவசமாக வழங்குகிறது. 1823-க்கும் 1860-களின் தொடக்கத்துக்கும் இடையே பிறந்தவர்கள் என்று குறிக்கப்பட்டுள்ள இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர், அடிமை வாழ்வையும் விடுதலையையும் பற்றித் தம் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். 1932 முதல் 1975 வரை ஒன்பது தென் மாநிலங்களில் பதிவான இவை மொத்தம் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடும்.

இதே நூலகத்தில் எழுத்து வடிவிலான தொகுப்பு ஒன்றும் உண்டு. 1936-38 ஆண்டுகளில் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் சேகரிக்கப்பட்ட 2,300-க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகள் அதில் உள்ளன. அளவில் அது கடல். ஆயினும் நான் ஒலித்தொகுப்பையே முதலில் பரிந்துரைப்பேன். எழுத்துக் கதைகளைக் குறித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சொன்னவர்களின் உச்சரிப்பைக் காட்டுவதாக நினைத்து அவர்கள் சொற்களைச் சிதைத்து எழுதிய இடங்களில், பேசுபவர் பேதையாகத் தோன்றிவிடுகிறார். அத்திட்டத்தில் பொறுப்பு வகித்த கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், உச்சரிப்பை விடப் பேச்சின் மரபே முக்கியம் என்று அப்போதே வலியுறுத்தியும் எல்லாரும் கேட்கவில்லை. வட்டார வழக்கை எழுதிப் பார்த்த தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. குரலைக் கேட்கும்போதோ, இடையில் நின்று எழுதுபவர் எவரும் இல்லை.

1949-இல் பால்டிமோரில் பதிவான ஃபௌண்டன் ஹியூஸ் என்பவரின் பேச்சு சுமார் அரை மணி நேரம் நீள்கிறது. தமக்கு 101 வயது என்றும், தம் தாத்தா அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்றும் தொடங்கும் அவர், அடிமை வாழ்வைப் பற்றிப் பேசுவார் என்று நாம் காத்திருக்கும்போது, கையில் பணம் வராமல் எதையும் கடனுக்கு வாங்காதீர்கள் என்று நெடுநேரம் அறிவுரை கூறுகிறார். முதல் முறை கேட்டபோது பொறுமையிழந்து ஒலியை முன்னே நகர்த்தினேன். அது என் தவறு. விடுதலைக்குப் பின் வீடும் நிலமும் இன்றி, கால்நடைகளைப் போல் அவிழ்த்துவிடப்பட்டதையும், மாதம் ஒரு டாலருக்குத் தாம் வேலைக்கு விடப்பட்டதையும் அவர் சொன்ன பிறகுதான், கடன் என்ற சொல்லை அவர் ஏன் அவ்வளவு அஞ்சுகிறார் என்பது எனக்கு விளங்கியது. மீண்டும் அடிமையாக நேருமானால் துப்பாக்கியை எடுத்துத் தம் உயிரை முடித்துக்கொள்வதாக அவர் சொல்லும் இடத்தில் குரல் சிறிதும் உயர்வதில்லை.

டெக்சாஸின் லாரா ஸ்மாலி, 1941-இல் பேசியவர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பிய எசமானர் விடுதலைச் செய்தியைச் சொல்லவே இல்லை என்றும், ஜூன் 19 அன்றுதான் தங்களை விடுவித்தார் என்றும், அதனால்தான் அந்நாளைக் கொண்டாடுகிறோம் என்றும் அவர் சொல்கிறார். குழந்தைகள் எல்லாரும் ஒரே மரத்தொட்டியைச் சுற்றி நின்று உண்டதை அவர் விவரிக்கும் தொனி, சமையலறையில் பாட்டி பழங்கதை பேசுவதைப் போலவே இருக்கிறது.

குறைகளும் உண்டு. பழைய ஒலித்தட்டுகளின் கரகரப்பில் சில சொற்கள் அமிழ்ந்துவிடுகின்றன. உடன் தரப்பட்டுள்ள எழுத்துப்படியிலும் அவ்விடங்கள் புரியவில்லை என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி கேட்பவர்களில் சிலர், முதியவர் ஒரு நினைவின் வாசலில் நிற்கும்போது அடுத்த கேள்விக்குத் தாவுவது எரிச்சலூட்டுகிறது. ஏழு மணி நேரம் என்பதும் ஒரு பெரும் மக்கள் கூட்டத்தின் அனுபவத்துக்கு மிகச் சிறிது.

ஹியூஸிலிருந்து தொடங்குங்கள், எழுத்துப்படியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஜார்ஜியாவின் கடலோரத் தீவில் 1935-இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் முதலியோர் பதிவு செய்த வாலஸ் குவார்டர்மேனைக் கடைசிக்கு வையுங்கள். அவர் பேசும் கல்லா மொழி, ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கலப்பு மொழி; கரீபியன் தீவுகளின் கிரியோல்கள் எனப்படும் கலப்பு மொழிகளுக்கு நெருங்கிய உறவு. எனக்கு மூன்று முறை கேட்டும் பாதிதான் பிடிபட்டது.