வெப் டெவலப்மென்ட் வகுப்பில் சேரும் முன் பாடத்தின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள்

வணிகவியல் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்த நான், வெப் டெவலப்மென்ட் கற்றுத் துறை மாறும் எண்ணத்தோடு 2023 ஜூன் மாதம் சென்னையிலுள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கு நேர்ந்ததை, இப்போது அதே முடிவின் முன் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம், இந்த முறையில் நடத்தப்படும் இடம் அது ஒன்று மட்டுமாக இருக்க முடியாது என்பது மற்றொன்று.

இணையதளத்தின் முகப்பையும் பின்னணி வேலைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆறு மாத 'ஃபுல் ஸ்டாக்' பயிற்சிக்குக் கட்டணம் 85,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 1,00,300 ரூபாய் என்றார்கள். அவ்வளவு பணம் கையில் இல்லை என்றதும், 10,300 ரூபாயை மட்டும் கட்டிவிட்டு மீதியை மாதம் 7,500 வீதம் பன்னிரண்டு தவணைகளில் வட்டியின்றிச் செலுத்தலாம் என்று ஆலோசகர் சொன்னார். ஆதார், பான் எண்களை வாங்கிக்கொண்டு, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டுப் பதிந்துகொண்டார். நிலையத்துக்கே தவணை கட்டப்போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். உண்மையில் அன்று ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் 90,000 ரூபாய் கடன் எழுதப்பட்டது. அந்தப் பணம் நேராக நிலையத்தின் கணக்குக்குச் சென்றது. நான் வகுப்பை நிறுத்தினாலும், அவர்கள் பாடத்தை நிறுத்தினாலும், கடன் என்னுடையது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் தர வேண்டியிருந்தது. கடன் வேண்டாம் என்று தோன்றினால் அபராதமின்றி விலகச் சில நாள் அவகாசமும் தர வேண்டியிருந்தது. அந்தத் தாள் எனக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தபோது அவகாசம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது பாடம்தான். வலைப்பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டும் நான்கு நாட்களில் முடிந்தன. பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து நாட்கள். பிறகு நேராக, தளங்களை உருவாக்க உதவும் 'ஆங்குலர்' என்ற ஆயத்த நிரல் கட்டமைப்பு தொடங்கியது. வகுப்பில் நாங்கள் எழுதிய பக்கங்களின் ஸ்கிரிப்ட் வரியில் 1.8 என்ற எண் இருந்தது. அதற்கு ஒரு பொருள் உண்டு என்று அன்று எனக்குத் தெரியாது. கூகுள் 2010-இல் வெளியிட்டது ஆங்குலர்ஜேஎஸ்; 1.8 என்பது அதன் பதிப்பு எண். 2016-இல் அதை அடியோடு மாற்றி டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதி வெளியிட்டதே இன்று நிறுவனங்கள் ஆங்குலர் என்று அழைப்பது. பெயர் ஒன்று போல இருந்தாலும் எழுதும் முறை வேறு. பழையதற்கான ஆதரவை 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கூகுள் நிறுத்திவிட்டது. அதாவது, ஆதரவு நின்று ஒன்றரை ஆண்டு கழிந்த ஒன்றை, வேலைவாய்ப்பு மிகுந்த புதிய தொழில்நுட்பம் என்ற பெயரில் எங்களுக்கு விற்றார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த இளைஞரும் முந்தைய அணியில் அங்கேயே படித்தவர்தான். தமக்குக் கொடுக்கப்பட்ட குறிப்புகளையே அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' (Git) என்ற கருவி பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. இறுதித் திட்டப்பணிக்கு, ஒரு ஷாப்பிங் கார்ட் தளத்தின் முழு நிரலையும் சுருக்கிய கோப்பாகத் தந்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பயிற்சி முடிந்து நான் சென்ற முதல் நேர்காணலில், இதே தளத்தை அந்த வாரத்தில் வேறு இருவரின் விண்ணப்பங்களிலும் பார்த்ததாகத் தேர்வாளர் சொன்னார். பின்னர் ஓர் எண் வரிசையைக் கொடுத்து, அதில் திரும்ப வருபவற்றை நீக்கும் சிறு நிரலை எந்த லைப்ரரியும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) இல்லாமல் எழுதச் சொன்னார். என்னால் முடியவில்லை. ஐந்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்டைக் கடந்துவிட்டதன் விலை அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

அதன்பின் வேலைக்குப் போய்க்கொண்டே, மொசில்லா அமைப்பின் எம்.டி.என். என்ற இணைய ஆவணங்களையும் ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளத்தின் பாடங்களையும் கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டும் இலவசம். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் நான்கு மாதங்கள் செலவிட்டேன். அதன் பிறகு, ஆங்குலரைப் போலவே தளங்களை உருவாக்க உதவும் ரியாக்டைத் தொட்டபோது, மனப்பாடம் செய்யாமலே காரணம் விளங்கியது. ஆங்கிலத்தில் படிப்பது தொடக்கத்தில் கடினமாக இருந்தது உண்மை. ஆசிரியரின் துணை தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதும், நல்ல நிலையங்கள் உள்ளன என்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சேர விரும்பினால், கற்பிக்கப்போகும் ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும், எதற்கு எத்தனை மணி நேரம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்; வாங்கியதை அந்தந்தத் தொழில்நுட்பத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு படித்தவர்களின் திட்டப்பணிகளைக் காட்டச் சொல்லுங்கள். மாதாமாதம் நிலையத்திடமே கட்டணம் செலுத்த முடியுமா என்று கேளுங்கள். ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பாடக் குறிப்புகள் ஆகிய எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். நான் பதிந்தபோது, 'எந்நிலையிலும் பணம் திரும்பத் தரப்படாது' என்று நான் கையொப்பமிட்ட வரியை மட்டும் நிலையம் பதிலாக அனுப்பியது. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கடனின் பன்னிரண்டு தவணைகளையும் நான் கட்டி முடித்துவிட்டேன்; கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் கெடும் என்ற அச்சமே காரணம். என் மனுவோடு இணைத்த ஆவணங்களில், 1.8 என்ற எண் தெரியும் அந்த முதல் பக்கத்தின் அச்சுப் பிரதியும் இருக்கிறது.