பிக்கப்பில் ஏற்றிய கூடு: கயிறா, பெல்ட்டா, டேர்ன்பக்கிளா?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழா. இரண்டுக்கும் கிளிநொச்சியிலிருந்து தேநீர்க் கடையோடு போகிறவன் நான். பிக்கப்பின் பின்பெட்டியில் ஒரு கூடு: இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, உள்ளே அடுப்பு, இரவில் படுக்க ஒரு பலகை. பாத்திரங்களோடு சேர்த்து 400 கிலோ வரும். திருவிழா முடிந்ததும் கூட்டை இறக்கிவிட்டு அதே வாகனத்தில் நெல் மூட்டை ஏற்ற வேண்டும். அதனால் எப்படிக் கட்டினாலும் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

400 கிலோ பாரம் தானாக அசையாது என்று நானும் நம்பியிருந்தேன். சுமை கட்டும் சர்வதேச விதிகள், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது சுமை தன் எடையில் 80 வீதத்தால் முன்னுக்குத் தள்ளும் என்றும், வளைவில் 50 வீதத்தால் பக்கத்துக்குத் தள்ளும் என்றும் கணக்கு வைக்கின்றன. என் கூட்டுக்கு அது முன்னுக்கு 320 கிலோ, பக்கத்துக்கு 200 கிலோ. ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு உடனே புரியும்.

கயிறு மலிவு, எங்கும் கிடைக்கும். நைலோன் கயிறு இழுபடும். காலையில் இறுக்கிக் கட்டியது பத்துக் கட்டை தாண்டமுன் தளர்ந்துவிடும். பொலிபுரப்பிலீன் கயிற்றை எங்கள் வெயில் தின்றுவிடும். பழைய கயிற்றைத் திருகிப் பாருங்கள், நார் உடைந்து தூளாகக் கையில் ஒட்டும். வைக்கோல் கட்ட அது போதும். ஆள் படுக்கும் கூட்டுக்கு நான் இனிக் கயிறு பாவிக்க மாட்டேன்.

பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரச்சட் பெல்ட் வேறு தரம். ஐரோப்பியத் தர முறையில் நீல நிற லேபல் என்றால் பொலியெஸ்டர், பச்சை என்றால் நைலோன், மண்ணிறம் என்றால் பொலிபுரப்பிலீன். வாங்கினால் நீலம் வாங்குங்கள். அது குறைவாகவே இழுபடும். லேபலே இல்லாத பெல்ட்டைத் தொட வேண்டாம். கட்டும் கோணத்தையும் பாருங்கள். தரைக்கு 30 பாகையில் சாய்த்துக் கட்டினால் இழுவிசையில் பாதிதான் கூட்டைக் கீழே அமுக்கும். 60 பாகையில் 87 வீதம் வரை அமுக்கும்.

ஆனால் பெல்ட்டுக்குக் கூரான விளிம்பு ஆகாது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிறவல் வீதி. வரிவரியாகக் கிடந்த அந்தப் பாதையில் அரை மணித்தியாலம் ஓடியபின் ‘டொக், டொக்’ என்று பின்னால் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், தகட்டு விளிம்பில் பட்ட இடத்தில் 50 மில்லிமீற்றர் பெல்ட் பாதிக்கு மேல் அறுந்து, நூல் பஞ்சுபோலத் தொங்கியது. உள்ளே சாமான் மட்டும் இருந்ததால் தப்பினோம். அன்றிலிருந்து மூலைகளில் பழைய ரயர்த் துண்டு வைக்காமல் பெல்ட் போடுவதில்லை.

போல்ட் போட்டு நிரந்தரமாகப் பூட்டலாம் என்பார்கள். பின்பெட்டித் தகட்டில் துளை போட்டால் மழைத் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். அடியில் தடித்த இரும்புத் தட்டு கொடுக்காவிட்டால் தகடு கிழியும். கூட்டைக் கழற்றுவதும் பெரும்பாடு. எனக்கு இது சரிவராது.

மிஞ்சுவது டேர்ன்பக்கிள். இரு முனையிலும் கொக்கி, நடுவுடலைச் சுற்றினால் இறுகும். வட அமெரிக்காவில் பிக்கப்பில் கூடாரக் கூடு ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நம்புகிறார்கள். டோர்க்லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் செசியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், பூட்டும் தாங்கிகளை இதற்கென்றே செய்கின்றன. எங்கள் கராஜில் மூத்த மெக்கானிக் ஒருவர் சொன்னதும் அதுதான்: “தம்பி, தகட்டிலை கட்டாதை, செசியிலை கட்டு.” பின்பெட்டிக்குள் இருக்கும் சிறு வளையங்கள் மூட்டை கட்டத்தான், கூடு ஆடினால் அவை தகட்டோடு பிய்ந்து வரும். செசியில் புதுத் துளையோ வெல்டிங்கோ வேண்டாம், அது பலவீனமாகும். இருக்கிற துளைகளில் போல்ட் போட்டே நான்கு தாங்கி செய்வித்தேன். முன்னிரண்டு டேர்ன்பக்கிளும் முன்னுக்குச் சாய்ந்தும், பின்னிரண்டும் பின்னுக்குச் சாய்ந்தும் கீழே இழுக்கின்றன. நடுவில் ஸ்பிரிங் உள்ளதே நல்லது. குலுக்கத்தில் செசி முறுகும்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், கூட்டின் சட்டம் வளையாது. ஸ்பிரிங் இல்லாததை வெறி பிடித்தமாதிரி இறுக்கினால் மூலை வெல்டிங் வெடிக்கும். செலவு பெல்ட்டைவிடப் பல மடங்கு, அதை மறைக்கவில்லை.

எதைப் போட்டாலும் அடியில் றப்பர் பாய் விரியுங்கள். பெயின்ற் அடித்த தகட்டில் இரும்புச் சட்டம் சோப்புப்போல வழுக்கும். கூட்டுக்கும் பின்பெட்டியின் முன்சுவருக்கும் நடுவில் மரக்கட்டை அடைத்தால் முன்னுக்கு நகர இடமில்லை. அடுப்பு, காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கலன் எல்லாம் பின் அச்சுக்கு முன்னால் வரட்டும்.

ஒரு நாள் பயணமென்றால் நல்ல நீல லேபல் பெல்ட் நான்கு போதும். கூட்டிலேயே படுத்து, கிறவலில் ஓடுகிறவர் டேர்ன்பக்கிளுக்குக் காசு சேர்க்கட்டும். நான் டேர்ன்பக்கிள் தளராமல் பிடிக்கும் பூட்டு நட்டின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பமுன் டோர்ச் அடித்து நாலு மூலையும் பார்ப்பேன். கோடு ஒரு நூல் விலகியிருந்தாலும் அங்கேயே ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டுத்தான் புறப்படுவேன்.