பர்ரோஸா, ஐபிஎம் 360-ஆ: படிக்க எந்த மெயின்பிரேம்?

பழைய மெயின்பிரேம் (பெரிய நிறுவனக் கணினி) ஒன்றை எமுலேட்டரில் (அதைப்போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளில்) ஓட்டிப் படிக்க வேண்டும் என்று இறங்கியபோது, கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: ஐபிஎம் சிஸ்டம்/360 குடும்பமும் பர்ரோஸ் பி5500-உம். நான் பர்ரோஸை எடுத்தேன்.

வேலைக்காகப் படிப்பவர்கள் யோசிக்காமல் ஐபிஎம் பக்கம் போகலாம். ஹெர்குலிஸ் எமுலேட்டர் இருக்கிறது, கையேடுகள் கொட்டிக் கிடக்கின்றன, 1964-இல் அறிவித்த 360-இன் வாரிசுகள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன.

பர்ரோஸ் வந்த வழி வேறு. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த வில்லியம் சீவர்ட் பர்ரோஸ், கூட்டல் இயந்திரம் செய்து விற்க 1886-இல் செயின்ட் லூயிஸில் கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனி அது. 1956-இல் பாசடீனாவின் எலக்ட்ரோடேட்டாவை வாங்கியதும்தான் கணினியில் அழுத்தமாகக் கால் ஊன்றியது. ராபர்ட் பார்ட்டன் முன்நின்று வடிவமைத்த பி5000, 1961-இல் அறிவிக்கப்பட்டது. பி5500 அதன் மேம்பட்ட வடிவம்.

என்னை இழுத்தது ஒரே விஷயம்: நினைவகத்தை அது காவல் காக்கும் விதம். பி5500-இல் ஒவ்வொரு அணிக்கும் (array, வரிசையாக அடுக்கிய தரவுக்கும்) ஒரு டிஸ்கிரிப்டர், அதாவது விவரக் குறிப்பு, உண்டு. தரவு எங்கே இருக்கிறது, நீளம் எவ்வளவு, இப்போது நினைவகத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே பதிவாகியிருக்கும். 0 முதல் 9 வரை உள்ள அணியில் 10-ஆவது இடத்தைக் கேட்டால் வன்பொருளே தடுத்துவிடும். நிரல் அங்கேயே நிற்கும். தரவு நினைவகத்தில் இல்லாமல் காந்த டிரம்மிலோ டிஸ்க்கிலோ இருந்தால் எம்சிபி இயக்குதளம் அதை எடுத்து வந்து வேலையைத் தொடரும். நிரலாளர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த எம்சிபியையே ஆல்கால் என்ற நிரல்மொழியின் வழிவந்த எஸ்பாலில்தான் எழுதினார்கள்.

360-இலும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது 2048 பைட் தொகுதிக்கு ஒரு சாவி என்ற கணக்கு. உங்கள் நிரல் பக்கத்து வேலையைக் கெடுக்காது, சரி. தன் அணியைத் தாண்டித் தன் தரவையே அழித்துக்கொள்வதை அந்தச் சாவி தடுக்காது. இயந்திரக் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்ப்ளர் மொழியில் எழுதினால், பேஸ் ரிஜிஸ்டரில் வைத்த தொடக்க முகவரியிலிருந்து 4096 பைட்டுக்குள் தரவு எட்டுகிறதா என்ற கவலை வேறு.

வேகம் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டிலும் சின்னச் சின்ன நிரல்களைத்தான் ஓட்டியிருக்கிறேன். வணிக நிரல்களுக்கான கோபால் (COBOL) மொழியிலும் எனக்குப் பழக்கம் குறைவு.

1986-இல் ஸ்பெர்ரியோடு சேர்ந்து யூனிசிஸ் ஆனபின் பர்ரோஸ் என்ற பெயர் போய்விட்டது. எம்சிபி மட்டும் யூனிசிஸ் கணினிகளில் தொடர்கிறது. பி5500-க்குப் பிரவுசரிலேயே ஓடும் எமுலேட்டர் உண்டு. ஆல்கால் கொஞ்சம் தெரிந்தால் அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.