பழைய செங்கல் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கொல்லையில் செங்கல் தளம் போட்டு 9 மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதைப் பெருக்கினால் குப்பையோடு செங்கல்லும் சேர்ந்து வந்தது. தினமும் காலையில் ஒரு முறம் செம்பொடி அள்ளிக் கொட்டுவார் அம்மா. அள்ளும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார், அது தனி.

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். சமையலறை வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே 20-க்கு 12 அடி வெறும் மண்தரை. மழைக்காலத்தில் சேறு, மற்ற நாளில் தூசி. டைல்ஸ் போட்டால் வழுக்கும், சிமென்ட் போட்டால் வெயிலில் கால் வைக்க முடியாது. பழைய நாட்டுச் செங்கல்லைப் பாவிவிட்டால் வேப்பமரத்தடியில் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று ஆசை. காசும் குறையும் என்று நினைத்தேன். அதுதான் வினை.

பைபாஸ் ரோட்டில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடம் ஒன்று. நிலை, கதவு, உத்திரம், ஓடு எல்லாம் கிடக்கும். வாசலிலேயே இடுப்பளவுக்கு அழகாக அடுக்கிவைத்த செங்கல். "காரைக்குடிப் பக்கத்து வீடு சார், 90 வருஷம் இருக்கும். எல்லாம் சுண்ணாம்புக் கட்டு, தட்டினாலே கல்லு தனியா வந்துடும்" என்றார் கடைக்காரர். காரைக்குடி என்றால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறதே, அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுக்கின் மூலையில் மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல்லை உருவினேன். இன்னொன்றோடு தட்டிப் பார்த்தால் வெண்கலம் மாதிரி 'டங்' என்றது. "சாம்பிளுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். எடுத்துக்கொண்டேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கல் 6 ரூபாய். புதுக்கல் அப்போது 10 ரூபாய் சொன்னார்கள். கல்லைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாவினால் சதுர அடிக்கு ஐந்தே கால் கல் பிடிக்கும், 240 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து 1,500 வாங்கிவிடுங்கள் என்று மேஸ்திரி கணக்குப் போட்டிருந்தார். 9,000 ரூபாய், வண்டி வாடகை 2,500. மொத்தத்தையும் ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "பழைய சாமானுக்கு யாரு சார் பில் போடுறா" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

காலையில் வரவேண்டிய லோடு இரவு ஒன்பதரைக்கு வந்தது. கல்லெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தூசி பறக்கக் கூடாது என்று தண்ணீர் தெளித்தார்களாம். அடுக்கி இறக்கித் தருவதாகத்தான் பேச்சு. டிரைவரோ டிப்பரைத் தூக்கித் தெருவிலேயே கொட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "விடியட்டுமேப்பா, பகல்ல பார்த்து இறக்கிக்கலாம்" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை.

நனைந்த கல் ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. ஈரத்தில் எல்லாக் கல்லும் ஒரே சிவப்பு, உப்புப் படிந்திருந்தாலும் தெரியாது, தட்டினாலும் நல்ல கல்லுக்கும் கெட்ட கல்லுக்கும் சத்தத்தில் வித்தியாசம் பிடிபடாது.

மறுநாள் வெயில் ஏறியதும் குவியல் மூன்று நிறமாகப் பிரிந்தது. பாதிக்கு மேல் வெளிறிய ஆரஞ்சு நிறம். பல கல்லில் சிமென்ட் கலவை, அதன் மேல் இளம்பச்சை டிஸ்டம்பர். ஒரு துண்டில் வெள்ளை பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. 90 வருஷத்துக் காரைக்குடி வீட்டில்! எண்ணிப் பார்த்தால் முழுக்கல் 1,090. மீதியெல்லாம் அரையும் காலும். போன் செய்தேன். "லோடுன்னா நாலு அரைக்கல் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். திருப்பி அனுப்ப இன்னொரு வண்டி வாடகையா என்று மலைத்துப்போய், இரண்டு சித்தாள் வைத்து மூன்று நாள் கல்லைச் சுத்தம் செய்தேன். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் கொத்தினால் உதிர்ந்துவிடும். சிமென்ட் விடாது, கல்லோடு பிய்த்துக்கொண்டுதான் வரும். அதில் இன்னொரு நூறு போயிற்று. நிற்க வைத்துப் பாவக் கல் போதாது என்று, படுக்கையாகவே பாவிவிட்டோம்.

மேஸ்திரி வேலையில் குறை சொல்ல மாட்டேன். 8 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் கிராவல் போட்டுத் திமிசு அடித்து, மேலே மணல் பரப்பி, நூல் பிடித்து, 12 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுத்து, தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பாமல்தான் செய்தார். மாசியில் வேலை முடிந்தது. கோடை முழுக்கப் பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எல்லாம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்து, லேசாக வெயில் வந்த காலையில் அம்மா கூப்பிட்டு, "கோலமாவைக் கொட்டிட்டியாடா?" என்று கேட்டார். தளம் முழுக்க வெள்ளை. உப்புப் பூத்திருந்தது. துடைத்தால் போயிற்று, அடுத்த வெயிலில் மறுபடி வந்தது. கார்த்திகையில் கல்லின் மேல்தோல் அப்பளம் மாதிரி எழும்பிக் காலில் நொறுங்க ஆரம்பித்தது.

பக்கத்துத் தெருவில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்த கல் இரண்டைப் பெயர்த்து ஒன்றோடொன்று தட்டினார். 'டக்'. கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். சோப்பில் இழுத்த மாதிரி பள்ளம் விழுந்தது.

"இது சுவருக்குள்ள இருந்த கல்லு தம்பி. காளவாயில ஓரத்துல அடுக்குறதுக்கு நெருப்பு பத்தாது, பாதிதான் வேகும். அதை உள்சுவத்துல வச்சுப் பூசிடுவோம். பூச்சுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது ராஜா. மழையில போட்டா மாவு."

அந்த சாம்பிள் கல் நினைவுக்கு வந்தது. அதையும் தளத்திலிருந்து எடுத்த ஒரு கல்லையும் நன்றாகக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். சாம்பிள் 3 கிலோ 100 கிராமிலிருந்து 3 கிலோ 500 ஆயிற்று. தளத்துக் கல் 2 கிலோ 900-லிருந்து 3 கிலோ 700. சாதாரணச் செங்கல் ஊறினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடக் கூடாது என்பது அளவு. இது கால் பங்கையும் தாண்டிக் குடித்திருக்கிறது. அப்படிக் குடித்த தண்ணீர் வெயிலில் வெளியேறும்போது உள்ளேயிருக்கும் உப்பு தோலுக்கடியில் கட்டியாகி, தோலைத் தள்ளி உரித்துவிடுகிறது.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று மேஸ்திரியைக் கேட்டேன். "நீங்க கல்லை வாங்கிக் குவிச்சிட்டீங்க, நான் என்னத்தைச் சொல்றது?" என்றார். நியாயம்தான் என்று தோன்றியது, கோபமும் வந்தது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். ஜிபே ரசீதைப் பார்த்தால் பணம் போனது கடைக்காரருடைய மைத்துனர் கணக்குக்கு.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடையில் வைத்திருக்கும் அடுக்கைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு ஏற்றிய வண்டியிலிருந்து, நடுவிலும் அடியிலுமாகப் பத்துக் கல் எடுத்துத் தட்டி, நகத்தால் கீறி, இடுப்புயரத்திலிருந்து கட்டாந்தரையில் போட்டுப் பாருங்கள். கல் காய்ந்திருக்க வேண்டும், பகலாக இருக்க வேண்டும். ஈரமாக வந்தால் இறக்கவே விடாதீர்கள். எண்ணி முடிக்கும் வரை பாதிப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும். எந்த வீட்டை இடித்தார்கள் என்று கேட்டு, முடிந்தால் அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். இடித்த மனையில் இரண்டு மழை வாங்கியும் முனை மழுங்காமல் கிடக்கும் கல் நல்ல கல்.

கொத்தனார் பெரியவர் தட்டித் தட்டிப் பிரித்துக் கொடுத்ததில் தேறியது 310. கிணற்றைச் சுற்றி மட்டும் அதைப் பாவியிருக்கிறேன். மீதியை உடைத்துத் தென்னைமரத்தடியில் கொட்டியாயிற்று.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். வாசலில் அதே அடுக்கு. ஒரு தம்பதி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில், மேலிருந்து மூன்றாவது வரிசையில், நான் ஒரு கல்லை உருவிய இடம் இன்னும் ஓட்டையாகவே இருந்தது.