20 கொண்டை ஊசியும் ஒரு ஜெராக்ஸும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசில் நான் ஒவ்வொன்றாக எண்ணுவேன், பாதியில் வாந்தி வந்துவிடும். இந்தத் தடவை எண்ணியது சித்தப்பா. வாரம் இரண்டு நாள், மூன்று வருஷமாக, விடியக்காலை இருட்டில் இதே பாதையில் டயாலிசிஸுக்கு இறங்குகிறார்.

6 மணி ஷிஃப்ட். ஐந்தே முக்காலுக்கே போய் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் நிமிராமலே கேட்டார்: "ஆதார் ஜெராக்ஸ்?"

"போன வாரந்தானே குடுத்தோம்" என்றார் சித்தி.

"அது போன மாசத்துக்கு. இன்னிக்கு 2ஆம் தேதி."

போனில் படம் இருக்கிறது என்றேன். செல்லாதாம். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினேன். ஒரு கடை பாதி ஷட்டரில் இருந்தது. கடைக்காரர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கல்லாவுக்குக் காட்டி, கடைசியில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் காட்டினார். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார். ரெண்டு ரூபாய்த் தாளோடு திரும்பியபோது மணி 7. அடுத்த ஷிஃப்ட் ஆள் 10 மணிக்கு வந்துவிடுவார் என்று சித்தப்பாவின் 4 மணி நேரத்தை 3 ஆக்கிவிட்டார்கள். யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை, சித்தப்பா உட்பட.

எரிச்சலில் டெக்னீஷியனிடம் கேட்டேன், வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறலாமே என்று. கையில் ஊசி குத்தி ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வதற்குப் பதில், வயிற்றுக்குள் திரவம் விட்டு, கழிவோடு அதை வெளியே எடுப்பது அது; வீட்டிலேயே செய்யலாம். "அதெல்லாம் வேணாங்க, ஆயுசு கம்மி."

நான் இருப்பது ஹாங்காங்கில். அங்கே அரசு மருத்துவமனைகளில் 1985 முதலே வயிற்று வழிக்குத்தான் முதலிடம். ஒரு நகரமே அப்படித்தான் வாழ்கிறது, இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உண்மையில் ரத்த டயாலிசிஸ், வயிற்று வழி இரண்டிலும் உயிர்வாழும் காலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரம்ப ஓரிரு வருஷம் வயிற்று வழிக்காரர்கள் சற்று மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சமிருக்கும் சிறுநீரக வேலை அதில் கொஞ்சம் கூடுதல் நாள் தங்குவது ஒரு காரணம். இளையவர்களும் தெம்பானவர்களும் அதைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கைச் சாய்க்கிறது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நெதர்லாந்தில் முயன்றார்கள். 700 பேருக்கு மேல் கேட்டும் சம்மதித்தது 38 பேர். தன் வயிறா கையா என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு யார் விடுவார்?

சித்தப்பாவுக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால் அந்த ஆரம்ப லாபம் அவருக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒப்பீடுகளில் ரத்த டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம். வாரத்துக்கு 8 மணி நேரம், அதிலும் ஒரு மணி ஜெராக்ஸுக்குப் போனது என்றால், இவரை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

மலையேறி வந்ததும் சித்தியிடம் பேசினேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பை வீட்டுக்கே வரும் என்று நர்ஸம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாராம். அசந்துபோனேன். இந்த ஊரிலா! ஆனால் சித்தி அசையவில்லை. "தெனம் நாலு தடவ பை மாத்தணும். ஐப்பசியில செவுரே வேர்க்குது. எங்க கை பட்டு வயித்துல சீழ் புடிச்சா?" நியாயமான பயம். வயிற்று வழியின் பெரிய எதிரி அந்தத் தொற்றுதான்.

சித்தப்பாவின் காரணமே வேறு. "கீழ எறங்குனாத்தான் கண்ணு, நாலு மனுசங்களப் பாக்கறேன்."

கிளம்புவதற்கு முதல் நாள் ஆதாரை 50 காப்பி எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார்.

"மாசம் ஒண்ணு. நாலு வருசத்துக்கு மேல வருதே" என்றார்.