சேலம் கிழங்கு ஸ்டார்ச்: மின்பகுளிப் படலத்துக்குத் தேறுமா?

செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச், பாலிமர் மின்பகுளிப் படலம் (அயனிகள் நகர்வதால் மின்சாரம் கடத்தும் மெல்லிய ஏடு) வார்க்கத் தாராளமாகத் தேறும். கல்லூரி புராஜெக்ட்டுக்கு இதைவிட விலை கூடிய மாவு வேண்டாம். ஆனால் பையிலிருந்து அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

காரணம் வெளுப்பு. மாவு பளிச்சென்று தெரிய ஹைப்போகுளோரைட் போட்டிருந்தால் சோடியமும் குளோரைடும் உள்ளேயே தங்கிவிடும். பிறகு உப்பே சேர்க்காத படலமும் மின்சாரம் கடத்தும். நாம் போட்ட அயனி எது, ஆலையிலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது. வெளுப்பு ஸ்டார்ச் சங்கிலியையும் நறுக்கும். அப்போது உருவாகும் கார்பாக்சில் குழுக்கள் நேர் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், படலமும் எளிதில் நொறுங்கும். சற்று மங்கலான மாவையே கேட்டு வாங்குங்கள்.

5 கிராம் மாவை 50 மி.லி. வாலைவடிநீரில் கலக்கி வடிகட்டுங்கள். தெளிந்த நீரில் இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட். பாலாய்க் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. 100 கிராமுக்கு 1 லிட்டர் வீதம் மூன்று முறை கழுவித் தெளிய வைத்து, 50 டிகிரியில் உலர்த்த வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஈர மாவு கஞ்சியாகிவிடும்.

இனி படலம் வார்ப்பது: 1 கிராம் மாவு, 50 மி.லி. நீர், 80 டிகிரி. கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறல். 40-க்கு ஆறியதும் சுத்தமான அம்மோனியம் குளோரைடு 0.25 கிராம், கிளிசரால் 0.4 கிராம். டெஃப்லான் தட்டில் ஊற்றிக் காயவிடலாம்.

அம்மோனியத்தில் தளர்ந்து நிற்கும் புரோட்டான், ஸ்டார்ச்சின் ஓர் ஆக்சிஜனிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. சங்கிலி அசைந்தால் தாவுவது எளிது. அந்த அசைவுக்குத்தான் கிளிசரால். உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் கடத்தல் இறங்கும். அயனிகள் ஜோடியாகவும் கொத்தாகவும் ஒட்டிக்கொள்ளும், படலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

படலத்தின் தடிமனை ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். தடிமனை மின்தடையாலும் பரப்பாலும் வகுத்தால் கடத்துதிறன் கிடைக்கும். 0.02 செ.மீ. தடிமன், 1 சதுர செ.மீ. பரப்பு, மின்தடை 200 ஓம் என்றால் கடத்துதிறன் 10⁻⁴ சீமென்ஸ்/செ.மீ.

ஏற்காட்டு மூடுபனியில் வைத்த படலமும் சித்திரை வெயிலில் சேலத்தில் வைத்த படலமும் ஒரே கடத்துதிறனைத் தராது. உறிஞ்சிய ஈரம் அதை உயர்த்திக் காட்டும். எல்லாப் படலத்தையும் சிலிகா ஜெல்லோடு 48 மணி நேரம் மூடி வைத்துவிட்டு அளப்பதே நியாயம்.

குறை இரண்டு. நாளாக ஆக ஸ்டார்ச் மறுபடி படிகமாகி, படலம் விறைத்துக் கடத்தல் குறையும். மூட்டைக்கு மூட்டை தரமும் மாறும். புராஜெக்ட் முழுவதற்கும் வேண்டியதை ஒரே மூட்டையிலிருந்து வாங்கிவிடுங்கள்.